கடைசி வரி தின்னும் கம்ப்யூட்டர்

பிள்ளைகளே,

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, பெரியவள் அவள் ஆபீஸில் நடந்த ஒன்றைச் சொல்லிக் கோபப்பட்டாள். கம்ப்யூட்டரில் ஒரு தப்பு இருக்கிறதாம். எல்லாருக்கும் தெரிந்த தப்பாம். திருத்த ஒரு நாள்கூட ஆகாதாம். ஆனால் மேலே இருப்பவர்கள் அதைத் தொடாதே என்று சொல்லிவிட்டார்களாம். "இது என்னப்பா நியாயம்?" என்று என்னைக் கேட்டாள். நான் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். சின்னவன் உடனே, "அப்பாகிட்டப் போய்க் கேக்குறியே, அவருக்கு இதுல என்ன தெரியும்?" என்று சிரித்தான்.

தெரியும் கண்ணு. நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன்தான். ஆனால் அந்த மாதிரி ஒரு தப்போடு இரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவன். வாயால் சொன்னால் எனக்கு முன்னும் பின்னுமாகப் போய்விடும். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால், எண்பதுகளின் கடைசியில், நான் திருத்தணியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்டேஷனிலிருந்து கடைத்தெருவுக்குப் போகிற வழியில், ஒரு மாலைக் கடைக்கு மேல் மாடி. கீழே தண்ணீர் தெளித்து வைத்த பூவின் வாசனையும், மேலே ரிப்பன் மை வாசனையும் படிக்கட்டில் ஒன்றாகக் கலந்திருக்கும். இன்றைக்கும் எங்காவது ஈரச் சாமந்தி வாசனை வந்தால் எனக்கு மலை ஞாபகம் வருவதில்லை, பன்னிரண்டு மிஷின்கள் ஒரே நேரத்தில் படபடவென்று அடிக்கிற சத்தம்தான் ஞாபகம் வருகிறது. கிருத்திகை அன்று கீழே காவடிக் கூட்டம் போகும். மேளச் சத்தத்தில் பிள்ளைகளுக்குக் கை தாளத்துக்குப் போய்விடும், ஸ்பீடு டெஸ்ட் வைக்க முடியாது.

இன்ஸ்டிட்யூட் நடத்தினவரை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவர் ஒரு நாள் மெட்ராஸிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை டாக்சியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். அதற்கென்று ஒரு மூலையைப் பலகையால் தடுத்தோம். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முதல் நாள் பூஜை போட்டபோது மாஸ்டர் குங்குமத்தைக் கொஞ்சம் தாராளமாக வைத்துவிட்டார். அது கீபோர்டுக்குள் உதிர்ந்து, 'கே' என்ற எழுத்து கடைசி வரைக்கும் சரியாக இறங்கவில்லை. இரண்டு தரம் அழுத்த வேண்டும். அதையும் நாங்கள் ஒரு குறையாக நினைக்கவில்லை. அந்த மிஷினில் 'கே' அப்படித்தான், அவ்வளவுதான்.

இப்போது போல அந்த மிஷினுக்குள் எதுவும் நிரந்தரமாக இருக்காது. காலையில் ஒரு ஃப்ளாப்பியைப் போட்டுத்தான் அதை எழுப்ப வேண்டும். ஆபரேட்டிங் சிஸ்டம் முழுவதும் அந்த ஒரு கறுப்புத் தட்டில்தான் இருந்தது. சிஸ்டம் ஃப்ளாப்பி என்போம். எந்தக் கம்பெனி செய்தது என்று எழுத மாட்டேன். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை.

அந்த சிஸ்டத்தில் ஒரு கோளாறு. ஒரு ஃப்ளாப்பியிலிருந்து இன்னொரு ஃப்ளாப்பிக்கு ஒரு ஃபைலை நகல் எடுத்தால், அதன் கடைசி வரி வராது. மற்ற எல்லாம் அச்சாக வரும். கடைசி வரி மட்டும் போய்விடும்.

அதை முதலில் கண்டுபிடித்தது ஒரு மாணவி. வேலைக்கு விண்ணப்பம் அடித்து, நகல் எடுத்து, பிரிண்ட் போட்டாள். 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று வந்து நின்றுவிட்டது. கீழே அவள் பெயரைக் காணோம்.

"சார், உண்மையுள்ளன்னு போட்டுட்டு யாருன்னே சொல்லலியே" என்றாள்.

"உண்மையுள்ளவ யாருமே இல்லன்னு மிஷினுக்குத் தெரிஞ்சிபோச்சி, அதான்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

மாஸ்டர் மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்டார். விற்றவன், "அது அப்படித்தான் சார், கடைசியில சும்மா ஒரு வரி சேர்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து நாங்கள் எதை அடித்தாலும் முடிவில் ஒரு வீண் வரி சேர்ப்போம். மிஷின் அதைத் தின்றுவிட்டுப் பேசாமல் இருக்கும். பிள்ளைகளுக்குப் பாடத்திலேயே அதைச் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தேன். அவர்கள் அதைத் தப்பு என்று படிக்கவில்லை, விதி என்று படித்தார்கள்.

இப்படி இருக்கும்போது ஒரு பெரிய வேலை வந்தது. பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டைப் பக்கத்து நெசவாளர்கள் எல்லாருக்கும் அடையாள அட்டை போடப்போகிறார்கள். அட்டை அடிக்கிற வேலையை மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி எடுத்திருந்தது. பெயர்ப் பட்டியலை அடித்து ஃப்ளாப்பியில் அனுப்புவது எங்கள் பங்கு. நெசவாளர் சங்கத்து ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு, ஊருக்கு ஒரு ஃபைல், பெரிய ஊர் என்றால் தெருவுக்கு ஒரு ஃபைல் என்று, வீட்டு நம்பர் வரிசையில் அடிக்க வேண்டும். பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், தெரு, வயது.

வேலையைக் காட்டிக் கொடுக்க அந்தக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். போகும்போது, பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "சார், ஒவ்வொரு ஃபைல் கடைசியிலயும் ரெண்டு வரி சும்மா போட்டுடுங்க. மறந்துடாதீங்க, ரெண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏன் இரண்டு என்று நான் கேட்கவில்லை. பஸ் நகர்ந்துவிட்டது.

வெறும் வரி விட்டால் மிஷின் அதை வரியாகவே எடுத்துக்கொள்ளாது. ஏதாவது அடிக்க வேண்டும். என்ன அடிப்பது என்று யோசித்தபோது ஒரு மாணவி, "நம்ம ஊரு சாமி பேரைப் போடுங்க சார்" என்றாள்.

"சாமியையே மிஷினுக்குத் தின்னக் குடுப்பியாடி?" என்றாள் இன்னொருத்தி.

"தின்னட்டுமே. நம்ம பேரு தப்பிக்குதில்ல?"

பெயர்: முருகா. தகப்பன் பெயர்: சிவன். தெரு: மலைத் தெரு. வயது: பதினாறு. அந்த வயதைப் போட்டதும் அந்த மாணவிகள்தான். ஒவ்வொரு ஃபைலுக்கும் இதை இரண்டு தடவை அடித்து அனுப்பினேன். நகல் எடுத்ததும் பார்த்தால் ஒரு முருகா போயிருக்கும், ஒரு முருகா இருக்கும். அந்த இரண்டாவது ஒரு பாதுகாப்புக்கு என்று நானாக நினைத்துக்கொண்டேன். பல மாதம் ஒரு குறையும் இல்லாமல் அட்டைகள் வந்தன.

பிறகு மாஸ்டர் புது சிஸ்டம் ஃப்ளாப்பி ஒன்று வாங்கி வந்தார். பழைய குறையெல்லாம் அதில் திருத்திவிட்டார்கள் என்று கடைக்காரன் சொன்னானாம். போட்டுப் பார்த்தோம். நிஜம்தான். கடைசி வரி உட்பட எல்லாம் வந்தது. அன்றைக்கு மாஸ்டர் எல்லாருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். எனக்கு என்னவோ காலில் குத்திய முள்ளை எடுத்தது போல இருந்தது. ஆனாலும் கைப் பழக்கத்தில் அந்த வாரத்து ஃபைல்களிலும் இரண்டு முருகாவைப் போட்டுத்தான் அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து சங்கத்து கிளார்க் படியேறி வந்தார். சட்டைப் பையிலிருந்து நான்கு அட்டைகளை எடுத்து மேஜையில் பரப்பினார்.

"ஏன் சார், இந்த ஆளு எந்தத் தெரு? நாலு ஊர்லயும் கீறாரு. நாலு ஊர்லயும் வயசு பதினாறு. தறி வச்சிருக்காரா, இல்ல கூலிக்கு ஓட்டுறாரா?"

முருகா, தகப்பன் பெயர் சிவன், மலைத் தெரு. பிளாஸ்டிக் உறை போட்டு, முத்திரை குத்தி, போட்டோ ஒட்ட இடம் விட்டு, ஜம்மென்று இருந்தது.

மாணவிகள் டைப்ரைட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார்கள். மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. கிளார்க் போனதும் என்னிடம் வந்தார். "புது சிஸ்டம்தான் எதையும் தின்னலியே, அப்பறம் ஏன்யா அந்த வரி? வேலைய சுத்தமா செய். இனிமே ஒரு வரி அதிகமா போவக்கூடாது."

"ஆங், சரிங்க மாஸ்டர்" என்றேன். எனக்கும் அது சரியாகவே பட்டது. அடுத்து அனுப்பியது பொதட்டூர்பேட்டையின் ஏழு தெருக்கள். ஏழு ஃபைலிலும் இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டேன். அந்தத் தடவை ஃப்ளாப்பியை உறையில் போடும்போது, பிழையில்லாமல் ஒரு காரியம் செய்தோம் என்று மனசுக்குள் ஒரு பெருமை.

ஐப்பசி மழை. ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண் குடையை மடக்கியபடி மேலே வந்து, வாசலில் நின்று அத்தனை மிஷினையும் ஒரு தரம் பார்த்தார். நாற்பது வயது இருக்கும். பாதம் இரண்டும் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன.

"இங்க பேரு அடிக்கிறவரு யாருங்க?"

"நான்தாம்மா."

"நீதானா? என்னை எங்க வச்சிட்ட?"

ஒரு மிஷின் நின்றது. பிறகு எல்லாமே நின்றன.

"எங்க தெருவுல எல்லாருக்கும் கார்டு வந்துட்சி. பக்கத்து வூடு வரைக்கும் வந்துட்சி. எனக்கு மட்டும் வரல. நான் இன்னா தறி ஓட்டலியா, சும்மா குந்திகினு கீறனா? கிளார்க்கைக் கேட்டா லிஸ்ட்லயே நீ இல்லன்றாரு. கண்ணு முன்னால நின்னுகினு கீறேன், இல்லன்றாரு!"

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அவர் சொன்னதை அவர் வேகத்தில் என்னால் எழுத முடியாது. சுருக்கமாகச் சொல்கிறேன். அவர்கள் இருந்தது வாடகை வீடு. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலை விட்டு நெய்கிற குழித்தறி. மழை பெய்தால் குழிக்குள் ஊற்று எடுக்கும். தினம் காலையில் சொம்பால் தண்ணீரை இறைத்துவிட்டு, ஒரு கோணியைப் போட்டு, அதில் காலை வைத்துக்கொண்டு தறி நெய்வார். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் ஈரம் குடித்தால் கஞ்சி விட்டுப்போய் இழை இழையாக அறும். கணவருக்குக் கண் சரியில்லை, நெசவு முழுவதும் இவர் கையில்தான். இப்போது நெசவாளர்களுக்குத் தறி வீடு கட்ட மேட்டு நிலத்தில் மனை கொடுக்கப்போகிறார்கள். அட்டை இருப்பவர்கள் பெயர்தான் அந்தப் பட்டியலில் போகும். பட்டியல் சனிக்கிழமை மூடிவிடும்.

"மேடுய்யா. மழை பேஞ்சா தண்ணி ஓடிப்பூடும். அதுக்குத்தான் வந்து நிக்கிறேன்" என்றார். அதுவரை சத்தமாகப் பேசியவர் அதை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

நான் அந்தத் தெருவின் ஃபைலைத் திறந்தேன். அவர் பெயர் இருந்தது. தெருவின் கடைசி வீடு, ஃபைலின் கடைசி வரி. மெட்ராஸுக்கு அனுப்பிய ஃப்ளாப்பியின் இன்னொரு பிரதியையும் போட்டுப் பார்த்தேன். அதிலும் இருந்தது. எங்கள் மிஷின் தின்னவில்லை. அப்படியானால் வேறு எங்கோ தின்றிருக்கிறது.

அப்போதுதான் பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்ற மனிதரின் குரல் எனக்குக் கேட்டது. ரெண்டு, மறந்துடாதீங்க. ஒன்று எங்கள் மிஷினுக்கு. இன்னொன்று அவர்கள் மிஷினுக்கு. அவர்களும் எங்கள் பழைய சிஸ்டத்தையே வைத்திருக்கிறார்கள். ஃப்ளாப்பியிலிருந்து உள்ளே நகல் எடுக்கும்போது அங்கேயும் ஒரு வரி போகிறது. நான் அதற்கு முருகாவைக் கொடுக்காமல், இந்த அம்மாவைக் கொடுத்துவிட்டேன்.

இவரை மட்டுமா? ஏழு ஃபைல். ஏழு தெரு. ஏழு கடைசி வீடு.

"சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணித் தரேம்மா" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன்.

"எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

மாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மெட்ராஸுக்குப் போ. அந்த அம்மா பேரு ஒன்னு வுட்டுப்போச்சின்னு சொல்லி சேத்துட்டு வா. ஏழுன்னு வாயத் திறக்காதே. ஏழு தப்புன்னா வேலைய அரக்கோணத்துக்காரனுக்குக் குடுத்துடுவான்."

"மத்த ஆறு பேரு மாஸ்டர்?"

"வந்தாங்களா? வந்து கேட்டாங்களா?"

அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கம்ப்யூட்டர் வாங்க மனைவியின் வளையலை அடகு வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். அந்த ஃப்ளாப்பியைப் பையில் போட்டுக்கொண்டேன். புதன்கிழமை காலை பாசஞ்சரில் ஏறினேன். அரக்கோணத்தில் வண்டி நிற்கும்போது, யார் அந்த அரக்கோணத்துக்காரன் என்று பிளாட்பாரத்தில் போகிறவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது இப்போது.

மெட்ராஸில் அந்தக் கம்பெனி எழும்பூர் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. அங்கேயும் செருப்பை வெளியே விட வேண்டும். ஏ.சி. குளிரில் கால் விறைத்தது. பொறுப்பில் இருந்தது ஒரு இன்ஜினியர் அம்மா. என்னைவிடச் சின்னவர். பருத்திப் புடவை, கையில் பெரிய வாட்ச். நான் ஃப்ளாப்பியைக் கொடுத்து, ஒரு பெயர் விட்டுப்போய்விட்டது என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தை நிமிர்த்தி, "ஒரு பேர்தானா சார்?" என்று கேட்டார்.

என்னால் முடியவில்லை. "ஏழும்மா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. ஃப்ளாப்பியைப் போட்டு, அந்த அம்மாவின் பெயரைத் திரையில் காட்டினார். பிறகு தன் மிஷினுக்கு நகல் எடுத்தார். மறுபடி காட்டினார். பெயர் இல்லை. "பாத்தீங்களா? எங்களுதும் தின்னும்."

"அப்ப நீங்களும் புது சிஸ்டம் வாங்கிடலாமேம்மா. எங்க மாஸ்டரே வாங்கிட்டாரு" என்றேன், ஏதோ பெரிய யோசனை சொல்கிறவன் போல.

அவர் சிரித்துவிட்டு ஒரு பெட்டியை இழுத்தார். அதில் பல ஊர்களிலிருந்து வந்த ஃப்ளாப்பிகள் அடுக்கி இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டு, கடைசி வரியை மட்டும் எனக்குக் காட்டினார். ஓர் ஊர்க்காரர் முற்றும் என்று அடித்திருந்தார். ஒருவர் இஸட், இஸட், இஸட் என்று அடித்திருந்தார். ஓர் ஊரில் மாரியம்மன், ஓர் ஊரில் ஏசு. ஒருவர் ஒரு பெண் குழந்தையின் பெயரை அடித்திருந்தார். வயது மூன்று.

"இவரோட பொண்ணு சார். வருஷா வருஷம் வயசைக்கூட மாத்தி அனுப்புறாரு. நான் இன்னிக்கு இங்க சரி பண்ணிட்டேன்னு வச்சுக்கோங்க, நாளைக்கு இவங்க அத்தனை பேருக்கும் கார்டு போயிடும். எல்லாரும் இந்தத் தப்புக்கு இடம் விட்டுத் தள்ளி உக்காந்திருக்காங்க. அது திடீர்னு எழுந்து போனா, அந்த இடத்துல வேற யாராவது விழுவாங்க. இப்ப உங்க ஊர்ல விழுந்த மாதிரி."

"அப்போ நான் புது சிஸ்டத்துல ஒரே ஒரு வரி போட்டு அனுப்பிடட்டுமா?"

அவர் யோசித்தார். "அனுப்பலாம். ஆனா நாளைக்கு உங்க சீட்ல வேற ஆள் வந்து உக்காந்தா, அவருக்கு இந்த ஒன்னு ரெண்டு கணக்கு ஞாபகம் இருக்குமா? பழசையே வச்சுக்குங்க சார். எல்லாரும் ஒரே மாதிரி தப்பு பண்ணா என்னால சமாளிக்க முடியும்."

பிள்ளைகளே, பெரியவளே, அன்றைக்கு எனக்கும் உன்னைப் போல ஏதோ மாதிரித்தான் இருந்தது. தெரிந்த தப்பை வைத்துக்கொண்டு வேலை செய்வதா என்று. ஆனால் அந்தப் பெட்டியில் இருந்த ஃப்ளாப்பிகளைப் பார்த்த பிறகு அந்த வீண் வரிகள் எனக்கு வேறு மாதிரி தெரிந்தன. முகம் தெரியாத எத்தனையோ பேர் எங்கெங்கோ உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே, கடைசி ஆளைக் காப்பாற்ற அவனுக்குப் பின்னால் ஒருவரை நிறுத்தியிருக்கிறார்கள். நான் ஒருவன்தான் சுத்தம் செய்கிறேன் என்று எடுத்துவிட்டேன்.

அங்கேயே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். ஏழு பெயரையும் நானே அடித்தேன். அவர்கள் மிஷினில் 'கே' ஒரே தட்டில் இறங்கியது. நான் பழக்கத்தில் இரண்டு தரம் தட்டித் தட்டி அழித்துக்கொண்டிருந்தேன். 'எங்கள் கவனக்குறைவால்' என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்டார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாஸ்டர் பெயர் போடவில்லை, என் பெயர்தான். திருத்திய பட்டியல் மனை கொடுக்கிற ஆபீஸுக்கு அன்று சாயங்காலமே போய்விடும் என்று உறுதி சொன்னார். ஏழு அட்டைகளையும் அப்போதே அடித்துக் கையில் கொடுத்தார். சூடு ஆறாமல் இருந்தன.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். மழை விட்டிருந்தது. தெருவில் இரண்டு பக்கமும் தறிச் சத்தம். கடைசி வீட்டில் மட்டும் சத்தம் இல்லை. அந்த அம்மா குழியிலிருந்து சொம்பால் தண்ணீரை எடுத்து வாசலில் ஊற்றிக்கொண்டிருந்தார். அட்டையைக் கொடுத்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கி, எழுத்துக்கு மேல் விரலை வைத்து நகர்த்திப் பார்த்தார்.

"மனை லிஸ்ட்ல?"

"நேத்தே போயிட்சிம்மா."

"கடைசி வூட்டுல இருந்தா கடைசி வரியா? அடுத்த தபா என்னை நடுவுல போடு சார்."

"வீட்டு நம்பர் வரிசைம்மா, மாத்த முடியாது. ஆனா இனிமே உங்களுக்குப் பின்னால ஆள் போட்டுடுவேன்."

"யாரை?"

"முருகனை."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். "போடு போடு. அவருக்கு இன்னா, மலை மேல பெரிய வூடு கீது. மனை கேட்டு நம்மகூட சண்டைக்கு வரமாட்டாரு." உள்ளே திரும்பி, "ஏன்யா, கேட்டியா?" என்று கணவரைக் கூப்பிட்டுச் சொன்னார். உள்ளேயிருந்தும் சிரிப்புச் சத்தம் வந்தது. எனக்கு மோர் கொடுத்தார்கள். நான் எழுதிக் கொடுத்த சீட்டை முந்தானையிலிருந்து அவிழ்த்துத் திருப்பிக் கொடுத்தார். "வாக்கு தீர்ந்துட்சி, எடுத்துகினு போ."

மற்ற ஆறு வீட்டுக்கும் நடந்தேன். ஒரு வீட்டில் ஒரு மனிதர் நூல் சுற்றிக்கொண்டே அட்டையை வாங்கிப் பார்த்தார். "எல்லாருக்கும் வந்துட்சின்னாங்க. நமக்கெல்லாம் எங்க வரப்போவுதுன்னு நான் கேக்கவே இல்ல சார்" என்றார். அந்த அம்மா சத்தம் போட்டதைவிட இது எனக்கு அதிகமாக உறைத்தது.

மாஸ்டர் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. வேலை அரக்கோணத்துக்குப் போகவும் இல்லை. ஒரு நாள் அவரே பழைய சிஸ்டம் ஃப்ளாப்பியைத் தேடி எடுத்து, அதன்மேல் சிவப்பு மையால் 'இதுவே' என்று எழுதி, மிஷின் மேல் வைத்துவிட்டுப் போனார். புது சிஸ்டத்தைப் பாடத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். பட்டியல் வேலைக்குப் பழசு, இரண்டு முருகா.

எங்களிடம் படித்த ஒரு பெண்ணுக்குப் பிறகு மெட்ராஸில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே இருந்தது தின்னாத மிஷின். அவளுக்கு அது தெரியாது. முதல் மாதம் முழுவதும் அவள் அடித்த கடிதம் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு முருகா போயிருக்கிறது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "பக்தி இருக்கட்டும்மா, ஆனா பாம்பாய் பார்ட்டிக்குப் போடாதே" என்றாராம். லீவுக்கு வந்தபோது சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அன்று அந்த மாடியில் சிரித்தவர்கள் எல்லாரும் இப்போது எங்கெங்கே இருக்கிறார்களோ.

ஒன்று மட்டும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் அம்மாவிடம்கூட.

பொதட்டூர்பேட்டைக்குப் போய் வந்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, இன்ஸ்டிட்யூட்டுக்கு விடுமுறை. மத்தியானம் சாவி வாங்கிப் போய் நான் மட்டும் கதவைத் திறந்தேன். டைப்ரைட்டர்கள் எல்லாம் உறை போட்டு வரிசையாக இருந்தன. கம்ப்யூட்டரை எழுப்பி, வேலை தொடங்கிய நாளிலிருந்து அடித்த ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். பக்கத்தில் சங்கத்து ரிஜிஸ்டர். ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு தெருவிலும், கடைசி வீட்டுக்காரரின் பெயரைத் திரையில் பார்த்து, ரிஜிஸ்டரில் விரல் வைத்து, வாய்விட்டுப் படித்தேன். பெயர், தகப்பன் பெயர், வயது. படித்து முடித்ததும் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. அந்த ஏழு தெரு தவிர எல்லா ஃபைலிலும் அவர்களுக்குப் பின்னால் முருகா இருந்தார், யாரும் விட்டுப்போகவில்லை. ஆனாலும் கடைசி ஊர் வரைக்கும், ஒருவரைக்கூட மனசுக்குள் படிக்காமல், எல்லாரையும் சத்தமாகவே படித்தேன்.